கொலராடோ ஸ்பிரிங்ஸ் எப்படி ‘சுவிசேஷகர்களின் வாட்டிகன்’ ஆனது?

அமெரிக்காவில் சுவிசேஷக் கிறிஸ்தவம் என்றதும் டெக்சாஸ், டென்னசி, அலபாமா மாதிரித் தென் மாநிலங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தெருமுனைக்குத் தெருமுனை ஒரு பாப்டிஸ்ட் சபை இருக்கிற பகுதி அது. ஆனால் 1990களில் பத்திரிகைக்காரர்கள் ‘சுவிசேஷகர்களின் வாட்டிகன்’ என்று பட்டம் கட்டிய ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடி உயரத்தில் இருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸ்தான் அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொலராடோ பக்திக்குப் பேர்போன மாநிலமே இல்லை. ஏதாவது ஒரு சபையில் பெயர் பதிந்திருப்பவர்களின் விகிதத்தை எடுத்துப் பார்த்தால், அது அமெரிக்கச் சராசரியைவிடக் குறைவு. அப்படிப்பட்ட மாநிலத்தில் இப்படி ஒரு ஊர் எப்படி உருவானது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போகிறவர்களைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் யார் இந்தச் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் என்று பார்த்துவிடுவோம். இது தனி ஒரு சபைப் பிரிவு இல்லை. பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், பெந்தெகொஸ்தே, எந்தப் பிரிவிலும் சேராத சுயாதீன சபைகள் என்று எல்லாவற்றிலும் இவர்கள் இருக்கிறார்கள். டேவிட் பெபிங்டன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நான்கு அடையாளங்களைச் சொல்கிறார். வேதாகமமே இறுதி அதிகாரம் என்பது முதலாவது. இயேசுவின் சிலுவை மரணமே மீட்பின் மையம் என்பது அடுத்தது. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் மனந்திரும்பி ‘மறுபடியும் பிறக்க’ வேண்டும் என்பது மூன்றாவது. அந்த நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிற முனைப்பு நான்காவது. “நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?” என்று ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டு, கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்திருந்தால், இந்த நான்காவது அடையாளத்தை நீங்கள் நேரிலேயே பார்த்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவர்களுக்குப் போப்பாண்டவர் கிடையாது, எல்லோரையும் கட்டுப்படுத்தும் மேலிடமும் கிடையாது. அதனால் ‘வாட்டிகன்’ என்ற பட்டமே கொஞ்சம் இடக்கானது. மேலிடம் இல்லாத இடத்தில் வேலையைச் செய்ய நிறுவனங்கள் முளைக்கின்றன. மாணவர்களுக்கு ஒன்று, படைவீரர்களுக்கு ஒன்று, வேதாகமம் அச்சிட ஒன்று, வானொலிக்கு ஒன்று, ஏழைக் குழந்தைகளுக்கு ஒன்று. இவை எந்த ஒரு சபைக்கும் சொந்தமில்லாதவை. எல்லாச் சபைகளிலிருந்தும் காணிக்கை வாங்குபவை. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பொதுவாக ‘ஊழியங்கள்’ என்று சொல்வது இவற்றைத்தான். சபைக்கு அதைச் சுற்றி வாழும் ஜனங்கள் வேண்டும். ஊழியத்துக்கு ஒரு கட்டடம், ஒரு தபால் நிலையம், ஒரு விமான நிலையம், நல்ல வேலையாட்கள் இருந்தால் போதும். ஒரு ஊழியம் தன் ஆதரவாளர்கள் வாழும் ஊரில்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கே வசதியோ அங்கே போகலாம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் கதைக்கு அடிப்படையே இதுதான்.

மதுவிலக்கு ஊர், ராணுவ ஊர்

இந்த ஊரை 1871இல் நிறுவியவர் வில்லியம் ஜாக்சன் பால்மர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரில் வட தரப்புக்காகச் சண்டை போட்டு ஜெனரலாகி, பிறகு ரயில் பாதை போட வந்தவர். பைக்ஸ் பீக் சிகரத்தின் கீழே பணக்காரர்கள் வந்து தங்கும் நாகரிகமான ஊர் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். நிலம் விற்கும் பத்திரத்திலேயே இங்கே சாராயம் விற்கக் கூடாது என்று எழுதிச் சேர்த்தார். குடிக்க நினைத்தவர்கள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டு வந்தார்கள். ஆங்கிலேயர்கள் நிறைய வந்ததால் ‘குட்டி லண்டன்’ என்று பெயர் கிடைத்தது. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று காசநோயாளிகளும் வந்தார்கள். அவர்களுக்காகச் சானடோரியங்கள் எழும்பின.

ஊர் முதலிலிருந்தே பக்தியான ஊர்தான் என்று சொல்கிறவர்கள் பால்மரைக் காட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. பால்மருக்கு அடுத்து ஊரை ஆண்டவர் என்றே சொல்லக்கூடிய ஸ்பென்சர் பென்ரோஸ், தங்கத்திலும் செம்பிலும் கோடி கோடியாகச் சம்பாதித்தவர். 1918இல் பிராட்மூர் என்ற ஆடம்பர ஓட்டலைத் திறந்தார். மதுவிலக்குச் சட்டத்தை வெளிப்படையாகத் திட்டியவர், நன்றாகக் குடிப்பவர். தன் சொத்தை எல் போமர் என்ற அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இரண்டாம் உலகப் போர் ஊரை அடியோடு மாற்றியது. 1942இல் கார்சன் ராணுவ முகாம் வந்தது. 1950களில் விமானப்படை அகாடமியும், வட அமெரிக்க வான் பாதுகாப்புக் கட்டளையகமும் வந்தன. 1960களில் ஷையென் மலையைக் குடைந்து, அணுகுண்டு போட்டாலும் தாங்கும் கண்காணிப்பு மையம் கட்டினார்கள். ஓய்வுபெற்ற படைவீரர்கள் அங்கேயே வீடு வாங்கித் தங்கினார்கள். அரசியலில் ஊர் வலதுபக்கம் சாய்ந்தது.

முதல் ஊழியங்கள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். ஜிம் ரேபர்ன் என்பவர் 1941இல் டெக்சாஸில் தொடங்கிய ‘யங் லைஃப்’, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊழியம். பிள்ளைகளை மலைக்கு முகாம் கூட்டிப்போவதுதான் அவர்களுடைய முக்கியமான வழிமுறை. அதற்கு மலை வேண்டும். 1940களின் இறுதியில் இங்கே வந்துவிட்டார்கள். அடுத்து ‘நேவிகேட்டர்ஸ்’. 1933இல் கலிபோர்னியாவில் கடற்படை மாலுமிகளிடையே டாசன் டிராட்மன் தொடங்கியது. ஒருவர் ஒருவரை உருவாக்கி, அவர் இன்னொருவரை உருவாக்க வேண்டும் என்பது அவர்களுடைய முறை. வசனங்களைச் சின்ன அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பார்கள்.

பால்மர் தனக்காகக் கட்டிய கிளென் ஐரி என்ற கோட்டை மாதிரியான மாளிகை விற்பனைக்கு வந்தது. அதை வாங்கலாமா என்று முதலில் யோசித்தவர் பிரபல சுவிசேஷப் பிரசங்கியார் பில்லி கிரகாம். அவர் வேண்டாம் என்று விட்டுவிட, 1953இல் நேவிகேட்டர்ஸ் வாங்கினார்கள். இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சிவப்புப் பாறைகளுக்கு நடுவே ஆங்கிலேயப் பிரபுவின் வீடு மாதிரி நிற்கும் அந்த மாளிகையில் கருத்தரங்கு நடக்கிறது, அறை எடுத்துத் தங்கவும் செய்யலாம்.

இது வரைக்கும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. 1980இல் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும் ‘கம்பாஷன் இண்டர்நேஷனல்’ சிகாகோவிலிருந்து வந்தபோதும் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு சின்னச் செய்திதான்.

நிலம் விழுந்தது, ஊழியங்கள் வந்தன

1980களின் கடைசியில் ஊர் கவிழ்ந்தது. அமெரிக்கா முழுக்கச் சேமிப்பு, கடன் சங்கங்கள் திவாலாகிக்கொண்டிருந்த நேரம் அது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் கட்டுமான நிறுவனங்கள் கடன் வாங்கிக் கட்டித் தள்ளிய வீடுகளும் அலுவலகங்களும் வாங்க ஆளில்லாமல் நின்றன. பனிப்போர் முடிந்துகொண்டிருந்ததால் பாதுகாப்புத் துறைப் பணமும் குறைந்தது. கடன் கட்ட முடியாமல் வீடுகள் ஜப்தியாவதில் நாட்டுக்கே தலைநகரம் என்று அப்போது ஊரைச் சொன்னார்கள்.

வேலை கொடுக்கிற நிறுவனம் எதையாவது கொண்டுவந்தாக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் தேடினார்கள். ஊரின் பொருளாதார வளர்ச்சிக் கழகம் மின்னணுத் தொழிற்சாலைகளைத் தேடிய அதே மும்முரத்தோடு ஊழியங்களையும் தேடிப்போனது. வணிகர்கள் கண்ணோட்டத்தில் இது கச்சிதமான தொழில். புகை இல்லை, கழிவு இல்லை. வருகிற பணம் முழுக்க ஊருக்கு வெளியிலிருந்து, நாடெங்கும் உள்ள விசுவாசிகள் அனுப்பும் காணிக்கையாக வருகிறது. வேலைக்கு வருகிறவர்கள் குடிக்காமல், கடனை ஒழுங்காகக் கட்டி, பிள்ளைகளை வளர்க்கிற குடும்பஸ்தர்கள்.

ஊழியங்களின் பக்கமும் கணக்கு இருந்தது. கலிபோர்னியாவிலும் நியூயார்க், நியூ ஜெர்சி பக்கத்திலும் வாடகை ஏறிக்கொண்டே போனது. ஊழியத்தில் சம்பளம் குறைவு. அந்தச் சம்பளத்தில் அங்கே வீடு வாங்க முடியாது, இங்கே முடியும். நாட்டின் நடுப்பகுதியில் இருப்பதால் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் ஒரே வேலை நாளில் தொலைபேசலாம். இதையெல்லாம் யாரும் சாட்சிக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள், “கர்த்தர் வழிநடத்தினார்” என்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் விளக்கம் தேடுகிறவன் முதலில் ரியல் எஸ்டேட் விலையைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சர்வதேச வேதாகமச் சங்கம் நியூ ஜெர்சியிலிருந்து வந்தது. ‘கிறிஸ்தவ மிஷனரி அலையன்ஸ்’ என்ற சபைப் பிரிவு 1989இல் நியூயார்க் மாநிலத்திலிருந்து தன் தலைமையகத்தையே பெயர்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் வந்ததுதான் பெரிய மீன்.

ஜேம்ஸ் டாப்சன் போதகர் இல்லை, குழந்தை உளவியல் படித்தவர். 1977இல் கலிபோர்னியாவில் ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிள்ளை அடம் பிடிக்கிறதா, கணவன் பேசவே மாட்டேன் என்கிறாரா, மகள் காதலிக்கிறாளா, எல்லாவற்றுக்கும் வானொலியில் நிதானமான குரலில் ஆலோசனை சொன்னார். கேட்டவர்கள் கடிதம் எழுதினார்கள். தினமும் ஆயிரக்கணக்கில் வந்த அந்தக் கடிதங்களுக்குப் பதில் போடவே பெரிய பணியாளர் படை இருந்தது. இடம் போதவில்லை. இடம் மாறத் தேடியபோது, கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்தால் 40 லட்சம் டாலர் தருகிறோம் என்று ஒரு அறக்கட்டளை முன்வந்தது. எது என்று நினைக்கிறீர்கள்? எல் போமர். மதுவிலக்கைத் திட்டிய பென்ரோஸ் விட்டுப்போன பணம்.

1991இல் ஃபோகஸ் வந்து சேர்ந்தது. 1993இல் ஊரின் வடக்கே சொந்த வளாகம் எழும்பியது. வருகிற தபாலின் அளவைப் பார்த்து அஞ்சல் துறை அதற்கென்றே தனி அஞ்சல் குறியீடு கொடுத்தது: 80995. வளாகம் சுற்றுலாத் தலமாகவும் ஆனது. பார்வையாளர் மையத்தின் அடித்தளத்தில், அவர்களுடைய வானொலி நாடகத்தில் வரும் ஐஸ்கிரீம் கடையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று மாடி உயரத்துக்குச் சுழன்று இறங்கும் ஒரு சறுக்கு மரமும் உண்டு. விடுமுறையில் காரில் வரும் குடும்பங்களில் பிள்ளைகள் அதில் ஏறி ஏறிச் சறுக்க, பெற்றோர் மேலே புத்தகக் கடையில் இருப்பார்கள்.

நகைக்கடை ஒன்று நன்றாக ஓடுகிற தெருவில் அடுத்த நகைக்கடைக்காரரும் கடை போடுவார் இல்லையா, அதுவேதான் அடுத்து நடந்தது. கிறிஸ்தவப் பத்திரிகையில் வேலை பார்த்த ஆசிரியர், காணிக்கைக் கடிதம் எழுதத் தெரிந்தவர், வானொலித் தொழில்நுட்பர் என்று அனுபவமுள்ள ஆட்கள் ஊரில் சேர்ந்துவிட்டார்கள். ஒரு ஊழியத்தில் வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று. கணவன் ஒன்றில், மனைவி மற்றொன்றில். ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகங்கள் வெளியிடும் டேவிட் சி. குக் நிறுவனம் இல்லினாய்ஸிலிருந்து 1990களின் நடுவில் வந்தது. கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் வந்தது. 1996இல் நியூயார்க்கின் பெரிய பதிப்பகக் குழுமம் ஒன்று, தன் கிறிஸ்தவப் பிரிவான ‘வாட்டர்புரூக்’கை இங்கேயே தொடங்கியது. ஆட்கள் இருக்கிற இடத்தில்தானே கடையைத் திறக்க வேண்டும்! 1990களின் நடுவுக்குள் சிறிதும் பெரிதுமாக எண்பதுக்கும் மேற்பட்ட ஊழியங்கள் ஊரில் இருந்தன.

மெகா சபையும் வாக்குப் பெட்டியும்

சபைகளே இல்லையா என்றால், இருந்தன. 1980களின் நடுவில் டெட் ஹகார்ட் என்ற இளம் போதகர் தன் வீட்டின் நிலவறையில் தொடங்கிய ‘நியூ லைஃப்’ சபை சுமார் 14,000 பேர் கொண்ட மெகா சபையாக வளர்ந்தது. ஊரின் வீதிகளில் நடந்துகொண்டே ஜெபிப்பது, இது ஆவிக்குரிய போர் என்று பேசுவது எல்லாம் அவருடைய பாணி. 1998இல் சபை வளாகத்தில் ‘உலக ஜெப மையம்’ திறந்தார்கள். கவனியுங்கள், சபை ஊழியங்களை ஈர்க்கவில்லை. ஊழியங்கள் கொண்டுவந்த குடும்பங்கள், ராணுவக் குடும்பங்கள், வேகமாகப் பெருகிய புறநகர் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சபையை இவ்வளவு பெரிதாக்கின. 1980இல் சுமார் 2,15,000 பேர் இருந்த ஊரில் 2020இல் ஏறத்தாழ 4,79,000 பேர்.

ஊர்ப் பெரியவர்கள் கணக்கில் சேர்க்காத விஷயம் ஒன்று இருந்தது. தொழிற்சாலை வந்தால் அது பொருளைச் செய்யும். ஊழியம் வந்தால் அது கருத்தையும் சொல்லும். 1992இல் கொலராடோ மக்கள் தங்கள் மாநில அரசியலமைப்பில் ‘இரண்டாம் திருத்தம்’ என்ற ஒன்றுக்கு வாக்களித்தார்கள். ஓரினச் சேர்க்கையாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டங்களை மாநிலமோ எந்த நகரமோ இயற்றக் கூடாது என்பதே அது. டென்வர், போல்டர், ஆஸ்பன் நகரங்கள் அப்படிப்பட்ட சட்டங்களை ஏற்கெனவே இயற்றியிருந்தன. திருத்தத்தை முன்னெடுத்த அமைப்பு கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தது. அதன் முகமாக இருந்தவர் உள்ளூர்க் கார் வியாபாரி. ஃபோகஸும் ஆதரவு கொடுத்தது. திருத்தம் சுமார் 53 சதவீத வாக்குகளோடு வென்றது. ‘வெறுப்பு மாநிலம்’ என்று பேர் கெட்டு, மாநாடுகளும் சுற்றுலாக்களும் ரத்தாயின. 1996இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. வேலைவாய்ப்புக்காக ஊழியங்களை அழைத்த வியாபாரிகளில் பலருக்கு அப்போதுதான் தலைவலி ஆரம்பித்தது.

அடுத்த பிரச்சினை பக்கத்து வளாகத்தில். ஃபோகஸ் வளாகத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் விமானப்படை அகாடமி. அது அரசு நிறுவனம், எல்லா மதத்தாரும் படிக்கும் இடம். அங்கே சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் மற்ற மாணவர்களை நெருக்குகிறார்கள் என்ற புகார் 2004, 2005இல் வெடித்தது. கால்பந்துப் பயிற்சியாளர் உடைமாற்றும் அறையில் ‘இயேசு கிறிஸ்துவின் அணி’ என்ற வாசகம் கொண்ட பதாகையைத் தொங்கவிட்டிருந்தார். யூத மாணவர்கள் முறையிட, விமானப்படை விசாரணைக் குழு போட்டது.

ஹகார்ட் 2003இல் தேசிய சுவிசேஷகர் சங்கத்தின் தலைவரானார். வெள்ளை மாளிகை வரை பேச்சுத் தொடர்பு இருந்தவர். 2006 நவம்பரில், ஒரு ஆண் பாலியல் தொழிலாளியோடு உறவு வைத்திருந்ததாகவும் அவரிடம் போதைப்பொருள் வாங்கியதாகவும் குற்றச்சாட்டு வந்து, எல்லாப் பொறுப்புகளையும் விட்டார். சபை உடைந்துபோகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆள் குறைந்தாலும் சபை நின்றது.

நம் பக்கத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. கொரியப் போர் அநாதைகளுக்காக 1952இல் தொடங்கிய கம்பாஷன், வெளிநாட்டு ஆதரவாளர் ஒருவரை ஒரு குழந்தையோடு இணைத்து, மாதாமாதம் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பணம் அனுப்பும் முறையில் இயங்குவது. இந்தியாவில் அதன் பங்காளி அமைப்புகளில் ஒன்றான கருணா பால் விகாஸ் சென்னையில் இருந்தது. மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்று இந்திய அரசு சந்தேகப்பட்டு, ஒவ்வொரு முறையும் முன் அனுமதி வாங்கித்தான் பணம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. கம்பாஷன் குற்றச்சாட்டை மறுத்தது. பணம் நின்றுபோக, 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியது. அப்போது இங்கே சுமார் 1,45,000 குழந்தைகள் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள்.

எல்லா ஊரும் இதே வழியில் மையமாகிவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லினாய்ஸின் வீட்டன் ஒரு கல்லூரியைச் சுற்றி வளர்ந்தது. பில்லி கிரகாம் படித்ததும் அங்கேதான். மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டு, அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபைப் பிரிவின் தலைமையகத்தால் பேர் பெற்றது. நாஷ்வில்லில் அச்சகமும் இசையும். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர், ஒரே ஆள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் மட்டும்தான் இவ்வளவு அப்பட்டமாக அழைப்பிதழ் அனுப்பி ஆள் சேர்த்தது.

அலுவலகங்களாக வந்தவற்றில் சில அலுவலகங்களைப் போலவே சுருங்கவும் செய்தன. 2000களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,400 பேர் வேலை பார்த்த ஃபோகஸில், அடுத்த பத்தாண்டில் ஆள்பலம் பாதியாகிவிட்டது. வானொலிக்குக் கடிதம் எழுதிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது ஒரு காரணம். டாப்சன் 2010இல் அங்கிருந்து விலகி வேறு நிகழ்ச்சி தொடங்கினார், 2025இல் காலமானார். அலையன்ஸ் தலைமையகம் 2020களில் ஒஹாயோவுக்குப் போய்விட்டது. நேவிகேட்டர்ஸ், யங் லைஃப், கம்பாஷன் எல்லாம் இன்னும் அங்கேதான்.

ஊர் அரசியலும் அசைந்திருக்கிறது. 2023இல் மேயர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்காரரைத் தோற்கடித்துச் சுயேச்சையாக வென்றவர் யெமி மோபொலாடே. நைஜீரியாவில் பிறந்தவர், அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின மேயர். 2010இல் அவர் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்ததும் ஒரு சபை தொடங்கத்தான்.